முதல் போர்த் தலைக்கவசம்: வடிவம், பொருள், வெட்டு, ஒட்டு, வண்ணம்

பள்ளி ஆண்டு விழா, தமிழ்ச் சங்க மேடை நாடகம், ஒயிட்ஃபீல்டு பக்கம் காமிக் கான் என்று பெங்களூரில் வேடம் கட்டுவதற்குக் காரணம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. உடையை வாடகைக்கு எடுத்துவிடலாம், கவசத்தைக்கூட ஒப்பேற்றிவிடலாம். தலைக்கவசத்தில் மட்டும் வாடகைக் கடைகள் நம்மைக் கைவிட்டுவிடும். அங்கே கிடைப்பது ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஒருவருக்குக் கழுத்துவரை இறங்கும், இன்னொருவருக்கு நெற்றியிலேயே நின்றுவிடும். பார்வையாளர் முதலில் பார்ப்பது முகத்தை. அந்த முகத்தைச் சுற்றி நிற்கும் பொருள் பொய்யாகத் தெரிந்தால், கீழே எவ்வளவு பட்டு உடுத்தியிருந்தாலும் வேடம் எடுபடாது. ஆகவே தலைக்கவசத்தை நாமே செய்வது நல்லது. அதை ஒழுங்காகச் செய்வது இன்னும் நல்லது.

முதன்முறை செய்ய வருகிறவர்கள் எல்லோரும் "எந்தப் பொருளில் செய்யலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளுங்கள் என்பேன். வடிவம் முதலில், அளவு இரண்டாவது, பொருள் மூன்றாவது. நல்ல படிவம், அதாவது வெட்ட வேண்டிய துண்டுகளை அளவோடு வரைந்த தாள், கையில் இருந்தால் பழைய அட்டைப் பெட்டியிலும் கம்பீரமான தலைக்கவசம் எழும். படிவம் கோணினால் விலை உயர்ந்த இறக்குமதித் தகடும் கோணலாகத்தான் நிற்கும்.

எந்த வடிவத்தில் தொடங்குவது

தட்டையான தாளை ஒரு பக்கமாக வளைப்பது எளிது. ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் வளைக்க வேண்டி வந்தால்தான் சிரமம். உருளை, கூம்பு ஆகியவை முதல் வகை. கிரேக்க கொரிந்திய தலைக்கவசம் இரண்டாவது வகை; ஒரே வெண்கலத் தகட்டை அடித்தடித்துக் குவித்து, நெற்றியும் கன்னமும் மூக்கும் ஒன்றோடொன்று குழைந்து வரும்படி செய்தது. பார்க்க அழகு, முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைக்கும் வடிவங்கள் மூன்று. முதலாவது, 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குதிரை வீரர்கள் அணிந்த, தலை முழுவதையும் மூடும் உருளை. அன்றைய கொல்லர்களே தகடுகளை வளைத்து ஆணி அடித்துச் சேர்த்ததுதான் அது. நாமும் அப்படியே தகடு தகடாகச் செய்யலாம். இரண்டாவது, அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய ஸ்பாங்கன்ஹெல்ம். நாலு அல்லது ஆறு முக்கோண இதழ்களை வைத்து, சேரும் இடங்களின் மேல் பட்டை போட்டு ஆணி அடித்திருப்பார்கள். முதல் முறை செய்பவருக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது, ஏனென்றால் நம் ஒட்டு எவ்வளவு அசிங்கமாக வந்தாலும் அதன் மேல் ஒரு பட்டை வந்து உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது நம் ஊர்ப் பக்கத்தது. முகலாய, தக்காணப் படைகளில் வழங்கிய குலா கூத்: அரைக்கோளக் கிண்ணம், உச்சியில் கூர், முன்னால் ஏற்றி இறக்கும் மூக்குக் காப்பு, இரண்டு பக்கமும் இறகு செருகும் குழல்கள், கழுத்தைச் சுற்றித் தொங்கும் இரும்பு வளைய வலை. முகம் திறந்திருப்பதால் மேடையில் வசனம் பேசலாம், உணர்ச்சியும் தெரியும். நாடகத்துக்கு என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

மன்னர் வேடமா, போர்வீரன் வேடமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். தெருக்கூத்து வகையான கட்டைக்கூத்தில் கிரீடத்தையும் புஜ அணிகளையும் கல்யாண முருங்கை போன்ற இலகுவான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் பதிப்பார்கள். தூரத்திலிருந்து விளக்கொளியில் பார்க்கும் கண்ணுக்காகச் செய்தவை அவை. பெரிய வடிவம், பளிச்சென்ற வேறுபாடு, எடை குறைவு. மேடைக்குச் செய்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய இலக்கணம் அதுதான். இரண்டடி தூரத்தில் நின்று படம் எடுக்கும் கூட்டத்துக்குச் செய்தால் நுணுக்கமும் முடிப்பும் கூட வேண்டும்.

பொருள்: எது வேண்டும், எது இப்போது வேண்டாம்

அட்டை. இதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எந்தப் பொருளில் செய்வதானாலும் முதல் வடிவத்தை அட்டையில் ஒருமுறை செய்துபார்க்கத்தான் வேண்டும். பெட்டி அட்டைக்குள் வரிவரியாக அலை இருக்கும்; அலையின் போக்குக்குக் குறுக்கே வளைத்தால் உடையும், அலைக்கோடுகளை ஒட்டி மடங்கும்படி வளைத்தால் அழகாக வளையும். புத்தகம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் கெட்டி அட்டை இன்னும் உறுதி. அதன்மேல் செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்து மூன்று நாலு அடுக்கு ஒட்டினால், காய்ந்தபின் தட்டினால் மரம்போல ஓசை வரும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய பழக்கம். அது நஞ்சு. முகத்தோடும் வியர்வையோடும் ஒட்டி இருக்கப்போகும் பொருளில் அது கூடவே கூடாது. அடுக்குகள் நன்றாகக் காய்ந்து, மேலே வண்ணமும் வார்னிஷும் ஏறிவிட்டால் போதும். அட்டையின் பகை தண்ணீர். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் ஓர் அடுக்கு காயவே முழுநாள் ஆகலாம். விழா தேதியைப் பார்த்துத் தொடங்குங்கள்.

ஈவிஏ ஃபோம். முதல் தலைக்கவசத்துக்கு என் தேர்வு இதுதான். செருப்பு அடிப்பாகத்துக்கும் குழந்தைகள் விளையாடும் தரைவிரிப்புக்கும் போடுகிற அதே பொருள். கத்தியால் வெட்டலாம், சூடு காட்டினால் வளையும், ஆறினால் அந்த வளைவிலேயே நிற்கும், கீழே விழுந்தால் உடையாது. தலைக்கவசத்தின் உடலுக்கு 5 அல்லது 6 மி.மீ., பட்டைக்கும் அலங்காரத்துக்கும் 2 மி.மீ. போதும். தரைவிரிப்புத் துண்டுகள் பெரும்பாலும் 10 மி.மீ.க்கும் மேல் இருக்கும். தலைக்கு அது தடிமன் அதிகம், நெஞ்சுக் கவசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முழுத் தலைக்கவசமும் பட்டைகளோடு சேர்த்துக் கால் கிலோவைத் தாண்டாது. மூன்று மணி நேரம் தலையில் சுமப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது இரண்டாவது மணி நேரத்தில் தெரியும்.

வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பி வர வேண்டும், அதே சமயம் அழுத்தும்போது கொஞ்சம் எதிர்ப்பும் தெரிய வேண்டும். பஞ்சுபோல உள்ளே போனால் அது யோகா விரிப்புக்கான வேறு ரப்பர் நுரையாக இருக்கும். சூட்டில் வடிவம் பிடிக்காது. டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைத்தாளும் இதற்கு ஆகாது. சூடு பட்டால் சுருங்கி உருகும், பசையும் பிடிக்காது.

சன்போர்டு. பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் பிவிசி பலகை. மெல்லிய சூட்டில் இளகும், ஆறினால் கல்லாக நிற்கும். கூர்மையான விளிம்பு வேண்டிய முகமூடிப் பகுதிக்கு நல்லது. ஆனால் சூடு அதிகமாகிக் கருக ஆரம்பித்தால் தொண்டையைத் தாக்கும் அமிலப் புகை வரும். ஃபோமில் கை பழகியபின் தொடுங்கள்.

முப்பரிமாண அச்சு. நல்ல வழிதான், ஆனால் அது வேறு கைத்தொழில். சாதாரண அச்சு இயந்திரத்தின் தளம் 22 செ.மீ. சதுரம், பெரியவர் தலைக்கவசம் முழுதாக அதில் அடங்காது, துண்டு போட்டு ஒட்ட வேண்டும். அச்சாகி வந்தபின் வரிவரியாக இருக்கும் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்ப்பதில்தான் உழைப்பே இருக்கிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் செய்தது 60 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும். ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் கோணிவிடும். அறிவியல் புனைகதை வேடத்தின் வழுவழுப்பான கவசம்தான் வேண்டும், அச்சிட்டுத் தரும் கடையும் அருகில் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சட்டை அளவு எடுப்பதுபோல் தோராயமாகச் சொல்லாமல், அடுத்த பகுதியில் வரும் அளவு முறைப்படி எண்ணைக் கொடுங்கள்.

கண்ணாடி இழை. காகிதத்தில் மடித்த வடிவத்தின் மேல் பாலியெஸ்டர் பிசினும் இழைப்பாயும் வைத்து இறுக்குவது. மிக உறுதியானது. ஆனாலும் அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யாதீர்கள் என்று அழுத்தியே சொல்கிறேன். பிசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவி பக்கத்து வீடுவரை போகும். துணி முகக்கவசமும் என்95 முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிசினோடு கோபால்ட் முடுக்கி, எம்இகேபி என்ற இறுக்கி என இரண்டு சிறு புட்டிகள் தருவார்கள். அவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முடுக்கியைப் பிசினில் முழுதாகக் கலக்கிய பிறகே இறுக்கியைச் சேர்க்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அது.

உலோகத் தகடு பற்றிச் சுருக்கமாக: கருவி, இடம், சத்தம் மூன்றும் வேண்டும். விழா வளாகங்களில் உலோகக் கவசத்துக்கு அனுமதி கிடைப்பதும் கடினம்.

அளவும் படிவமும்

மொத்த நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

இஞ்ச் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே, பின்தலையின் புடைப்பைச் சுற்றி வைத்து அளவெடுங்கள். 57 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பஞ்சுத் திண்டு வைக்கச் சுற்றிலும் 1 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6.3 செ.மீ. கூடும், ஆக உள்சுற்றளவு 63.3. இதோடு கணக்கு முடியவில்லை. தடிமனான தாளை வளையமாக வளைக்கும்போது உள்பக்கம் அமுங்கிக் குறையும். குறைவது தடிமனைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேலே, சரியாகச் சொன்னால் 3.14 மடங்கு. 6 மி.மீ. ஃபோமுக்கு அது கிட்டத்தட்ட 1.9 செ.மீ. அதையும் கூட்டினால் வெட்ட வேண்டிய நீளம் 65.2 செ.மீ. காகிதத்தில் கச்சிதமாகப் பொருந்திய படிவம் ஃபோமில் தலைக்குள் நுழைய மறுப்பதற்குக் காரணம் இந்த 1.9தான். இணையத்தில் காகித மடிப்புக்காக வரைந்த படிவங்களை அப்படியே ஃபோமில் வெட்டினாலும் இதே சிக்கல் வரும். ஃபோமுக்கென்று வரைந்த படிவத்தைத் தேடுங்கள், அல்லது நீங்களே வரையுங்கள்.

வரைவது கடினமல்ல. குடையின் துணியைப் பாருங்கள்: தட்டையான முக்கோண இதழ்கள், ஓரம் மட்டும் வெளிப்பக்கம் புடைத்தவை, சேர்த்துத் தைத்ததும் கவிகை ஆகிவிடுகிறது. நமக்கு ஆறு இதழ். 65.2ஐ ஆறால் வகுத்தால் ஒவ்வொன்றின் அடியகலம் 10.9 செ.மீ. அரைக்கோளம் என்றால் இதழின் உயரம் சுற்றளவில் கால் பங்கு, அதாவது 16.3 செ.மீ.

ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புக் கோட்டின்மேல் 16.3 செ.மீ. குறியுங்கள். அடியில் மடிப்பிலிருந்து 5.4 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 5.4 செ.மீ. மேலே, 4.7 செ.மீ. தள்ளி அடுத்தது. பாதி உயரத்தில் 3.8. மூன்றில் இரண்டு பங்கில் 2.7. உச்சியில் பூஜ்யம். இந்தப் புள்ளிகளை நேர்கோடுகளாக இல்லாமல் வழுக்கும் வளைகோடாக இணைத்து வெட்டி விரித்தால் இதழ் தயார். வேறு அளவு தலைக்கு அடியகலத்தை 0.87, 0.71, 0.5 ஆகியவற்றால் பெருக்கினால் அந்தந்த உயரத்தின் முழு அகலம் வந்துவிடும். கூர்மையான உச்சி வேண்டுமானால் உயரத்தை மட்டும் 19 செ.மீ. ஆக்குங்கள், அகலங்கள் அதே பங்கு உயரங்களில் அப்படியே இருக்கட்டும்.

கன்னக் காப்பு, கழுத்துக் காப்பு போன்ற ஒழுங்கற்ற பகுதிகளுக்கு வேறு வழி. தலைமுடியை மறைத்து, உணவு பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தலையிலும் கன்ன ஓரத்திலும் மட்டும் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டச் சொல்லுங்கள். மூக்கு, வாய், கழுத்து ஆகியவற்றின் பக்கம் அது போகவே கூடாது. இன்னொருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். டேப்பின்மேல் விளிம்புக் கோடுகளைப் பேனாவால் வரைந்து, மெதுவாகக் கழற்றி, கோடு வழியே வெட்டுங்கள். தட்டையாகப் படியாத இடத்தில் சிறு வெட்டு ஒன்று போட்டால் படிந்துவிடும். ரவிக்கை தைப்பவர்கள் டாட் பிடிப்பது இந்த வெட்டைத்தான். வீட்டில் தையல் தெரிந்த அம்மாவோ அத்தையோ இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல படிவங்களில் பாதி அவர்கள் கண் பட்டவை.

தெர்மாகோல் பொம்மைத் தலையை வாங்கி அதில் அளவு பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் நம் தலையைவிடச் சிறியது.

படிவம் முடிந்ததும் ஒவ்வொரு துண்டிலும் எண், மேல் கீழ், இடம் வலம் ஆகியவற்றை எழுதுங்கள். சேர வேண்டிய இரண்டு ஓரங்களின் குறுக்கே சிறு குறி போடுங்கள். பிறகு அட்டையில் வெட்டி டேப்பால் ஒட்டி, அணிந்து, கண்ணாடி முன் நிற்பது. தலையை இடம் வலம் திருப்புங்கள், தாடையை மார்பில் தொடுங்கள், ஒரு பக்க வசனம் பேசுங்கள். கழுத்துக் காப்பு தோளில் இடிக்கிறதா? புருவத்தை மறைக்கிறதா? அத்தனையையும் இப்போதே திருத்திவிடுங்கள். பத்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தலை உடம்புக்குப் பெரிதாகத் தெரிந்தால் அது படத்தில் உடனே அகப்படும்.

சாமான்கள் எங்கே

அட்டையும் காகிதமும் அவென்யூ ரோட்டில். கத்தி, உப்புத்தாள், பசை, துளையிடும் பஞ்ச் எல்லாம் எஸ்ஜேபி ரோட்டுக் கருவிக் கடைகளில். சூடான காற்றை வீசும் ஹீட் கன், சின்ன மின்விசிறி, எல்இடி வேண்டுமானால் எஸ்பி ரோடு. உள்ளே வைக்கும் பஞ்சு, ரெக்சின், வெல்க்ரோவுக்கு ஜேசி ரோட்டில் கார் இருக்கை தைக்கும் கடைகள். வெட்டி எறியும் துண்டுகளே நமக்குப் போதும். ஜரிகை, அரை முத்து (ஒரு பக்கம் தட்டையான அலங்கார முத்து), லேஸ் சிக்பேட்டில். ஈவிஏ தாளை செருப்புக்கான மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள், முழுத் தாளாகக் கிடைக்கும். இவை ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம்தான். சிக்பேட் மெட்ரோவில் இறங்கி ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். மார்க்கெட் பகுதிக் கடைக்காரர்கள் பலர் தமிழிலேயே பேசுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட ஒரு சிறு துண்டைக் கையில் எடுத்துப்போய்க் காட்டுவது விரைவான வழி.

வெட்டு

ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் போதும், பிளேடு மட்டும் புதிதாக இருக்க வேண்டும். ஃபோம் பார்க்க மென்மையாக இருந்தாலும் பிளேடை விரைவில் மழுங்கடித்துவிடும். வெட்டிய ஓரம் வழுவழுப்பாக இல்லாமல் துகள் துகளாகப் பிய்ந்து வந்தால் முனையை ஒடிக்கும் நேரம் வந்துவிட்டது. பிளேடு தாளுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். கையை அறுப்பதுபோல் முன்பின் ஆட்டாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். வளைவான இடத்தில் கத்தியைத் திருப்பாமல் ஃபோமைத் திருப்புங்கள். தரைவிரிப்புத் துண்டைப் பயன்படுத்தினால் அதன் சொரசொரப்பான பக்கம் உள்ளே போகட்டும்.

சூடு

ஒட்டுவதற்கு முன்பே சூடு காட்டி வளைத்துவிடுங்கள். ஒட்டியபின் சூடு காட்டினால் பசை இளகி மூட்டு வாய் பிளக்கும்.

ஹீட் கன்னில் குறைந்த நிலை. ஒரு கையகலத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் வீசிக்கொண்டே இருங்கள். சில நொடிகளில் மங்கலான மேற்பரப்பில் லேசான பளபளப்பு ஓடும். நுண்துளைகள் மூடிக்கொள்வதன் அடையாளம் அது; பின்னால் வண்ணம் உறிஞ்சப்படாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். உடனே எடுத்து ஒரு சின்னக் குடத்தின் அடியிலோ உருண்டையான எவர்சில்வர் பாத்திரத்தின் மேலோ அழுத்திப் பிடித்து, ஆறும்வரை விடாதீர்கள். ஒவ்வோர் இதழும் இப்படித் தனித்தனியாக வளைந்து வந்தால், சேர்க்கும்போது அவை தாமாகவே கோளத்தைத் தேடும். முடி உலர்த்தும் கருவி இந்தத் தடிமனுக்குப் போதாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஃபோம் புகைய ஆரம்பித்தால் சூடு மிகுதி.

அலங்காரக் கோடுகளும் இதே சமயத்தில்தான். கத்தி நுனியால் 1 அல்லது 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கோடு கீறி, அதன்மேல் சூடு காட்டுங்கள். மூடியிருந்த கீறல் மெல்ல வாய் திறந்து, இரண்டு ஓரமும் உருண்டு, உளியால் இழைத்த பள்ளமாக மாறும். கொடி, மீன், புலி என்று எது வேண்டுமோ வரையலாம். இந்த ஒரு வித்தைக்காகவே ஈவிஏவை விட்டு என்னால் விலக முடியவில்லை.

ஒட்டு

செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன்தான் வேண்டும். ஃபெவிகால் எஸ்ஆர் வகை கடைகளில் எளிதாகக் கிடைக்கும். வெள்ளை ஃபெவிகால் இந்த வேலைக்கு உதவாது. சூடான குச்சிப் பசை அவசரத்துக்குச் சரி, வெயிலில் விட்டுவிடும்.

இரண்டு ஓரத்திலும் மெல்லியதாகப் பூசிக் காயவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை ஹலசூரில் நடைபாதையோரம் கடை போட்டிருக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டினார். செருப்பின் இரண்டு பாகத்திலும் சொல்யூஷனைத் தடவி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். நான் அவசரப்பட்டதும், "பொறுங்கள் தம்பி" என்று சொல்லி விரலை மடக்கி அதன் முதுகால் பசையைத் தொட்டார். பளபளப்பு போயிருந்தது, தொட்டால் ஒட்டவில்லை. "இப்போது வையுங்கள்" என்றார். நாள்தோறும் பசை படும் விரல்நுனி மரத்துப்போயிருக்கும், விரல் முதுகு பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு. சாதாரண நாளில் பத்து நிமிடம், மழை நாளில் இன்னும் கூடுதலாக ஆகும்.

பசை பூசிய இரண்டு ஓரமும் தொட்டதுமே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய இடமே தராது. ஆகவே இதழின் அடி, உச்சி, நடு ஆகிய மூன்று குறிகளை முதலில் சேர்த்துவிட்டு, இடைப்பட்ட பகுதிகளை விரலால் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்து வாருங்கள். மூன்று இதழ்களைச் சேர்த்து ஒரு பாதி, அடுத்த மூன்றைச் சேர்த்து மறு பாதி, கடைசியில் இரண்டு பாதிகளையும் உச்சியிலிருந்து கீழாக. உச்சியில் ஆறு நுனிகளும் சந்திக்கும் இடம் எப்படியும் சீராக வராது. அதன்மேல் ஒரு வட்ட வில்லை, அதன்மேல் கூர்.

இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும், தலையையும் சுற்ற வைக்கும். பால்கனியில் உட்காருங்கள். அடுப்பு எரியும்போதும் சாமி விளக்கு எரியும்போதும் டப்பாவைத் திறக்காதீர்கள். ஹீட் கன்னும் அந்த நேரத்தில் அணைந்திருக்கட்டும். சிறு பிள்ளைகளை வெட்டிய துண்டுகளுக்கு வண்ணம் தீட்ட அழைக்கலாம், பசைக்கு வேண்டாம்.

மூட்டுகளின் மேல் 2 மி.மீ. பட்டை போட்டு, அடியில் 4 செ.மீ. அகல நெற்றிப்பட்டை சுற்றுங்கள். ஆணித்தலைகளுக்கு அரை முத்து கச்சிதம். வண்ணம் ஏறியபின் யாரும் முத்து என்று சொல்ல மாட்டார்கள். இடைவெளி சமமாக இருக்க வேண்டும், முதலில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பட்டை மறைக்காத மூட்டில் இடுக்கு தெரிந்தால் அக்ரிலிக் சீலன்டைப் பிதுக்கி, ஈர விரலால் வழித்துவிடலாம்.

குலா கூத்துக்கு வளைய வலை வேண்டுமே? மேடைக்காரர்களின் பழைய உத்தி இருக்கிறது. தடித்த கருப்புக் கம்பளி நூலை அல்லது சணல் கயிற்றைப் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னுங்கள். பின்னல் தெரிந்தவர் கையில் ஒரு மாலைப்பொழுது வேலை. அதன்மேல் வெள்ளி வண்ணத்தை மேலோட்டமாகத் தேய்த்தால், புடைத்த இடங்கள் மின்னி, பள்ளங்கள் கருப்பாகவே நின்று, நாலடி தூரத்தில் இரும்பு வளையம்தான். எடையும் இல்லை, சலசலப்பும் இல்லை.

வண்ணம்

ஃபோமின்மேல் நேரடியாக வண்ணம் அடிக்காதீர்கள். வெள்ளை ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மூன்று நாலு மெல்லிய பூச்சு கொடுங்கள், ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. இது நெகிழும் தோலாக நிற்கும். சுவர், கதவு, கார் ஆகியவற்றுக்கான கெட்டி வண்ணம் ஃபோம் வளையும்போது வெடித்து உதிரும்; அக்ரிலிக் வண்ணம் ஈடுகொடுக்கும். தெர்மாகோல் பாகம் எதையாவது சேர்த்திருந்தால் ஸ்ப்ரே வண்ணத்தை அருகில் கொண்டுவராதீர்கள், அதன் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

முதல் நிறம் கருப்பு, எங்கும் விடாமல். அதன்மேல் வெள்ளி. வெள்ளியை அப்படியே பூசினால் ஜிகினாத் தாள்போலத் தெரியும். துளி கருப்பு கலந்து, தூரிகையைத் தோய்த்து, பழைய துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மீதம் இருப்பதை மட்டும் விளிம்புகளிலும் ஆணித்தலைகளிலும் இழுங்கள். பள்ளத்தில் கருப்பு அப்படியே தங்க வேண்டும். பிறகு தண்ணீராகக் கரைத்த பழுப்பு நிறத்தைப் பட்டை ஓரங்களில் விட்டு, உடனே துடைத்தால் பழைய இரும்பின் அழுக்கு வரும். எந்த இடத்தில் கை அடிக்கடி படும், எந்த இடத்தில் மழைநீர் தங்கும் என்று யோசித்துக்கொண்டே பூசுங்கள். கண்ணுக்கு உண்மை தெரிவது அங்கேதான். பித்தளைப் பட்டை வேண்டுமானால் தங்க நிறத்தோடு கொஞ்சம் பழுப்பு. கடைசியில் மங்கலான வார்னிஷ். பளபளக்கும் வார்னிஷ் மேடை விளக்கில் வெள்ளைத் திட்டாக அடிக்கும்.

உள்ளே

நெற்றி, பின்தலை, உச்சி ஆகிய மூன்று இடத்தில் பஞ்சுத் திண்டு. வெல்க்ரோவில் வைத்தால் கழற்றித் துவைக்கலாம். தாடைப்பட்டைக்குப் பை தைப்பவரிடம் பக்கிள் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டையை ஃபோமில் வெறுமனே ஒட்டாதீர்கள், இழுபடும் இடம் அது. உள்பக்கம் ஒரு ரெக்சின் துண்டை வைத்துத் தைத்தோ ஒட்டியோ பலப்படுத்துங்கள்.

முகம் மூடும் வடிவமானால் வாய்க்கும் மூக்குக்கும் நேராகக் காற்றுத் துளைகளும், காதுப் பக்கம் ஒலி வரத் துளைகளும் கட்டாயம். கண் பிளவுக்கு உள்ளே கருப்புக் கொசுவலையை ஒட்டினால் வெளியே இருப்பவருக்கு முகம் தெரியாது, உள்ளிருந்து பார்க்க முடியும். கீழே பார்க்கும் கோணம் மட்டும் குறைந்துவிடும். படிக்கட்டில் துணைக்கு ஒருவர் வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முகம் மூடும் தலைக்கவசமே வேண்டாம், கூட்டத்தில் அவர்களுக்கு மூச்சும் பார்வையும் முக்கியம். விழாவுக்கு முன்னால் வீட்டில் ஒரு மணி நேரம் தொடர்ந்து அணிந்து நடந்து பாருங்கள். நெற்றியில் சிவந்த தடம் விழும் இடத்தில் திண்டை மாற்ற வேண்டும்.

இதை அணிந்து வண்டி ஓட்டுவது கூடவே கூடாது, பத்து வீடு தள்ளி இருக்கும் மண்டபத்துக்கானாலும் சரி. சாலைக்கு ஐஎஸ் 4151 முத்திரை பெற்ற ஹெல்மெட்தான். நம்முடையது ஒரு பெரிய துணிப்பைக்குள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மெட்ரோவில் மடியில் வரட்டும். திரும்பி வந்ததும் திண்டுகளைக் கழற்றிக் காயவைத்து, உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அதே காகிதத் திணிப்போடு பரண்மேல் வையுங்கள். வெயில் விழும் ஜன்னலோரமும் காரின் பின்பக்கமும் வேண்டாம். படிவத் தாள்களையும் அதே பையில் போட்டு, மேலே தலைச் சுற்றளவையும் ஃபோம் தடிமனையும் எழுதிவிடுங்கள்.